செராமிக் பிரிவின் பதினோரு பெண்கள்

— அந்த மாஸ்க்கக் கழட்டிடாத பூர்ணிமா. அது மூஞ்சில இருக்கிற வரைக்கும் நீ ஆண்டாளு. நல்லூருக்காரி, செகண்ட் இயரு.

— பழமலைநாதன் சார், இப்பதான் கிளாஸ்ல வேப்பூரு வெண்பான்னு சொல்லிட்டு வந்தேன். ஆய்வுக்குழுவுலேருந்து வந்திருக்கிற அதே மேடம்தானே லேபுக்கும் வரப்போறாங்க?

— அங்க ஒத்த சடை, இங்க ரெட்டை சடை. களிமண் தூசியில எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க அம்மாடி. ஒரு நிமிஷ வேலை.

— பேரெல்லாம் உள்ளங்கையில எழுதி வச்சிருந்தேன். ஓடுன ஓட்டத்துல வேர்த்து மூணு பேரு அழிஞ்சிட்டாங்க.

— ஊரு ஞாபகம் இருந்தா போதும். கருவேப்பிலங்குறிச்சிய விட்டுடாத. எல்லாப் பக்கத்துலேருந்தும் பொண்ணுங்க வரணும்னுதான் நம்ம கொள்கை.

— நம்ம டிபார்ட்மெண்ட்ல பொண்ணுன்னு இருக்கிறது நான் ஒருத்தி. ரிப்போர்ட்டுல பதினொண்ணுன்னு யாரு சார் எழுதுனது?

— நான்தான். மொதல்ல ஒண்ணுன்னுதான் எழுதுனேன். பாக்கவே பரிதாபமா இருந்துச்சு. துணைக்குப் பக்கத்துல இன்னொரு ஒண்ணு போட்டேன்.

— அந்தத் துணையாலதான் நான் மேலயும் கீழயும் ஓடிக்கிட்டிருக்கேன்.

— எல்லாம் உங்களுக்காகத்தான் அம்மாடி. பெண்கள் சமவாய்ப்புக் குழுவுக்குத் தலைவரே நான்தான். போர்டு கூட அடிச்சாச்சு.

— நான் மூணு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். சூளையப் பத்த வைக்க விடுங்க.

— அது மட்டும் வேணாம். ஆயிரத்து இருநூறு டிகிரி. பொண்ணுங்க அந்தச் சூட்டுல நிக்கக்கூடாது.

— எங்கம்மா பதினஞ்சு வருஷமா தொழிற்பேட்டையில சூளைக்கு சரக்கு அடுக்குது. நீங்க டீ குடிக்கிற கப்பு கூட அது எறக்குனதா இருக்கும். அதுக்கு சுடல, எனக்கு மட்டும் சுட்டுருமா?

— அது கூலி வேலை. இது இன்ஜினியரிங்.

— எங்கூடப் படிக்கிற திலீபனுக்கு சூளைக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னே தெரியாது. அவன் பத்த வைக்கிறான், நான் ஓரமா நின்னு டிகிரி குறிக்கிறேன். ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து அழகா இருக்குன்னு எனக்கு மார்க்கு. மனசுக்குக் கஷ்டமா இருக்குது சார். அடுத்த மாசம் வேலைக்கு ஆள் எடுக்க கம்பெனிக்காரங்க வராங்க. சூளை ஓட்டியிருக்கியான்னு கேட்டா நான் என்ன சொல்றது?

— இன்னைக்குப் பதினோரு பேரா நின்னு முடி. அப்புறம் யோசிக்கலாம்.

— யோசிக்கலாம்னா நான் இப்பவே மாஸ்க்கக் கழட்டுறேன்.

— கழட்டாத, கழட்டாத. ஒரு தடவை பத்த வைக்க விடறேன், சத்தியமா. மேடம் வராங்க, குனிஞ்சு மண்ணைப் பெசை. வாங்க வளர்மதி மேடம். இது எங்க ஸ்டூடண்ட் ஆண்டாளு.

— ம். எந்த ஊரும்மா நீ?

— நல்லூருங்க மேடம்.

— இப்பதான் கிளாஸ்ல வேப்பூருன்னு சொன்ன.

— அது வெண்பாங்க மேடம்.

— ரெண்டு பேரு செருப்புலயும் இடது கால்ல ஒரே எடத்துல ஊக்கு குத்தியிருக்குது.

— செருப்ப மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க மேடம். எங்க பொண்ணுங்களுக்குள்ள அவ்வளவு ஒத்துமை.

— சந்தோஷம் சார். பதினோரு பேரும் சூளைப் பயிற்சி எடுத்துட்டாங்கன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருக்கீங்க. அதை மட்டும் கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்.

— சூளையா மேடம்?

— ம். ஆளுக்கு ஒரு தடவை பத்த வச்சு, சரக்க எறக்கிக் காட்டட்டும். ஆண்டாளே ஆரம்பிக்கட்டும்.

— ஒரு தடவை பத்த வச்சா, ஆறி எறக்க ரெண்டு நாளாவும் மேடம்.

— அப்ப இருபத்திரண்டு நாளு.

— நான் ரெடி மேடம். வெண்பாவும் ரெடியாதான் இருப்பா.

— நீ சும்மா இரு அம்மாடி. மேடம், இருபத்திரண்டு நாளு நீங்க இங்கயே உக்காந்திருக்க முடியுமா?

— நான் ஒருத்தியே எதுக்கு உக்காரணும்? எங்க ஆய்வுக்குழு லிஸ்டுல அஞ்சு பொம்பளை ஆபீசருங்க இருக்காங்க. முறை வச்சுப் பாப்பாங்க.

— அப்படிங்களா. மத்த நாலு மேடமும் எப்ப வராங்க?

— வந்துட்டாங்க சார். அந்த நாலு பேரும் நான்தான்.