இடது இஞ்சினில் ஒரு விளையாட்டு

உட்காரச் சொன்னதற்கு நன்றி. டீயில் சர்க்கரை கொஞ்சம் கம்மி. பரவாயில்லை.

நான் சின்ன வயதிலிருந்தே விளையாட்டுப் பேர்வழி. எங்கள் விமானப் பட்டறையில் என்னிடம் ஏமாறாத ஆள் கிடையாது. மேலாளரின் செருப்பைத் தரையோடு ஒட்டி வைத்திருக்கிறேன். அவரே அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கவே தெரியாதவர் ஒருவர்தான், என் தங்கையின் கணவர். அவர் ஓட்டும் சரக்கு விமானத்துக்கு இஞ்சின் பார்ப்பவன் நான்.

அப்பேர்ப்பட்ட மனிதர், தன் மகளின் பிறந்தநாளன்று, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது வாயைத் திறந்தார்.

"மச்சான் கை வச்ச இஞ்சின்னா, நான் ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் ஏறுவேன்."

வீடே குலுங்கிச் சிரித்தது. என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். நல்ல கிண்டல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பதிலுக்கு ஒன்று செய்யாவிட்டால் மரியாதையாக இருக்காது, இல்லையா? இடது இஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். எண்ணெய் கசியும், இஞ்சின் படுத்துவிடும், மனிதர் வியர்த்து வழிந்தபடி வலது இஞ்சினோடு திரும்பி வருவார். "என்ன மாப்ள, ரெண்டு தடவை பார்த்தீங்களா?" என்று நான் கேட்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன்.

காலையில் வந்தார்.

"எல்லாம் சரியா, மச்சான்?"

"தாராளமா போங்க மாப்ள."

என் தோளைத் தட்டிவிட்டு ஏறிவிட்டார். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இதில் என் தவறு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

விமானம் முட்ட முட்டத் தையல் இயந்திரங்கள். அவ்வளவு பாரத்தை ஒற்றை இஞ்சின் தாங்காது என்று எனக்குத் தெரியும். ஏற்றும்போது பக்கத்தில்தான் நின்றேன். மேலே எழும்பி, மதிலைத் தாண்டியதும் இடப்பக்கம் சாய்ந்தது. அப்புறம் புகைதான். அவரோடு போன துணை விமானியை நினைத்தால் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. என் வேடிக்கைகளை ரசிக்கிறவர்.

பறவை மோதித்தான் விழுந்தது என்று விசாரணை அதிகாரிகள் நீங்கள் முடிவுகட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் கிளம்பி வந்தேன். என் கைவேலைக்கு ஏதோ ஒரு காக்கை பேர் வாங்கிக்கொண்டு போவதா?

ஒரே ஒரு உதவி. என் தங்கையிடம் நீங்கள் யாரும் சொல்லிவிட வேண்டாம். சதா என் தோளில் சாய்ந்துதான் அழுதுகொண்டிருக்கிறாள். கொஞ்சம் தேறட்டும், நானே சொல்கிறேன். சொல்கிற விதமாகச் சொன்னால் அவள் சிரித்துவிடுவாள்.