குட்டிக்குச் சாப்பாடு வைக்கும் முறை

என் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடம். வீட்டில் விண்ணப்பமோ கடிதமோ எது எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குட்டியைக் கொடுத்துவிடுவது என்று முடிவானபோது அவனைப் பற்றிய குறிப்புகளையும் நான்தான் எழுதினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

குட்டி கிரேட் டேன் இன நாய். கைக்கடக்கமாக வந்தபோது வைத்த பெயர். ஒன்றரை வருடத்தில் எழுபது கிலோ ஆகிவிட்டான். நின்றபடியே சாப்பாட்டு மேசைமேல் தாடையை வைத்துக்கொள்வான். ஆசைப்பட்டு வாங்கி வந்தது அண்ணன். மூன்றாம் மாதமே அவனுக்கு அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு குளிப்பாட்டியது, நடக்கக் கூட்டிப்போனது, காது துடைத்தது எல்லாம் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வெளியே யாரோடும் பேசிப் பழக்கமில்லை. குட்டியோடு நாள் முழுக்கப் பேசுவேன். பதில் சொல்ல மாட்டான், அதுதான் வசதி.

அண்ணி மாசமானதும் அண்ணன் சொன்னான்: "இது நாயா, கன்னுக்குட்டியா? பிள்ளை மேல ஏறிப் படுத்தா என்ன செய்வ? நல்ல இடமாப் பாத்துக் குடுத்துரலாம்."

"நான் பாத்துக்கறேண்ணே."

"நீ பாத்துப் பாத்துத்தான் அது மகாராஜா ஆயிருச்சு."

நல்ல இடம்தான். பேக்கரிக்காரர், அவர் மனைவி, ஐந்து வயது மகள். தோட்டம் வைத்த வீடு. அந்தக் குழந்தை குட்டியைப் பார்த்துப் பயப்படவே இல்லை, மேலே ஏறிச் சவாரி போகலாமா என்று கேட்டது. டிக்கெட் எடுத்தால் போகலாம் என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேக்கரிக்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு நாய் வளர்த்துப் பழக்கமே இல்லம்மா. நீ எழுதிக் குடு, அப்படியே செய்யறோம்."

இரண்டு பக்கம் எழுதினேன். எப்போது நடக்கக் கூட்டிப்போவது, எந்த மருந்து, இடி இடித்தால் எங்கே போய் ஒளிவான். எல்லாம் உண்மை. ஓரிடத்தில் மட்டும் மாற்றி எழுதினேன். 'சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினால் அவனுக்கு மிகவும் பிடிக்கும். குழந்தை தடவினால் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான்.'

குட்டி மற்ற நேரங்களில் பரம சாது. சாப்பிடும்போது மட்டும் யாரும் கிட்டே போகக் கூடாது. நான் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவேன். வீட்டில் வேறு யாருக்கும் இது தெரியாது. சாப்பாடு வைத்தது நான் மட்டும்தானே.

உறுமுவான், அவர்கள் பயந்துபோய் ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்று இருந்தேன். உறுமுகிற நாயை வேறு யாரும் கேட்க மாட்டார்கள். மாடி அறையில் நானும் அவனும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

என் தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார்களாம். நான்கு நாள் பெரியவர்களே கிண்ணத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் காலையில் அந்த அம்மா தாளை மறுபடி படித்துவிட்டு, குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார். எழுதியபடி செய்திருக்கிறார். கன்னத்திலிருந்து காதுவரை என்றீர்கள். ஒரு கண்ணைப் பற்றி டாக்டர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றீர்கள்.

உறுமல் மட்டும்தான் எதிர்பார்த்தாயா என்று கேட்டீர்கள். இதோ, என் கையைப் பாருங்கள். போன வருடம் ஒரு நாள் கதவைச் சாத்தத் தாமதமாகிவிட்டது. பதினொரு தையல். கண்ணாடி கிழித்தது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

நானாக ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குட்டியைக் கால்நடை ஆஸ்பத்திரியில் கூண்டில் வைத்திருக்கிறார்கள். ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்றான் அண்ணன். மனுஷர் தூண்டிவிட்டு நடந்தது என்று போலீஸ் காகிதத்தில் இருந்தால் யோசிப்போம் என்று அங்கே இருக்கிற டாக்டர் சொன்னார். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. செய்தது நான்.

குழந்தையின் அம்மா வெளியே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்கிறீர்கள். ஆமாம். குட்டியின் போர்வை அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதைத் துவைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வாசனை போய்விட்டால் அவன் தூங்க மாட்டான்.