எரிநட்சத்திரத் தூள்

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் போகும் காலை பஸ்ஸில், ஒரே தோட்ட லயத்தின் வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகளான இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். பனியைப் பார்த்துக்கொண்டே வந்த இளையவள் சொன்னாள்:

“எரிஞ்சு விழுற நட்சத்திரத்துல இரும்பு இருக்காம்க்கா.”

“யாரு சொன்னா?”

“ரேடியோ ரிப்பேர் பண்றவரு. அந்தத் தூளு ஒசரத்துலயே நின்னுருமாம். ராத்திரில மேல ஒரு காத்து, கீழ எதிர்க்காத்து, ரெண்டும் சேந்து அமுக்கி மெல்லிசா விரிச்சு விட்டுருமாம்.”

“இந்தப் பனியாட்டமா?”

“ஆமா, கண்ணுக்குத்தான் தெரியாது. அந்த மாதிரி மேல இருக்குற படலங்கள்ல பட்டுத்தான் தூரத்து ரேடியோ நம்ம பக்கம் திரும்புமாம்.”

“அதுக்காக நீ கூரைத் தகரத்துல கம்பியக் கட்டி, விடிய விடிய ரேடியோல அரபுப் பாட்டா? செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கமே இல்ல. ஒனக்கு அரபு தெரியுமா?”

“தெரியாதுக்கா. ஜோர்தான்ல எம் மக வேல செய்யிற வீட்டுல எந்நேரமும் அந்த ஸ்டேஷன்தான் ஓடுமாம். மூணு மாசமா போன் இல்ல. அவ காதுல விழுறது என் காதுலயும் விழட்டும்னுதான்.”

பஸ் நோர்வூட் தாண்டும்போது மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்குச் சத்தத்தக் கூட்டியே வையி,” என்றாள். “நானும் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்.”