தோலில்லாத மேளக்காரன் சொன்ன கடைசி வட்டத்தின் கதை

தலைமையேற்று வீற்றிருக்கும் தகைசால் பெரியவரே, மலைக்கு அப்பாலிருந்தும் மக்கள் தீர்ப்புக் கேட்டு வரும் மாண்பாளரே, மணமகளைப் பெற்ற எங்கள் வேதகுரு ஹாகாம் யோனா அவர்களே! ஜெபாலய முற்றத்தில் முன்வரிசையைப் பிடித்துவிட்டு மூச்சுக்கூட விடாத மூத்தோர்களே! கறி பொதிந்த குப்பே உருண்டை உருட்டி உருட்டிக் கை சிவந்து நிற்கும் தாய்மார்களே! பனி உருகிய பாதையில் கோவேறு கழுதையேறி வந்த ஸாகோ ஊர் விருந்தினர்களே! கூரைமேல் குந்தியிருக்கும் குறும்பர் கூட்டமே! உங்கள் எல்லோருக்கும் சமாதானம் உண்டாகட்டும்!

என்ன? மேளக்காரனுக்கு மேடையில் என்ன வேலையா? நியாயமான கேள்வி ஐயா, நீங்கள் கேட்கலாம். நம் மலையூர் அமேதியில் எந்தக் கல்யாணத்திலாவது இந்த மீரோ பேசிக் கேட்டிருக்கிறீர்களா? மேளம் பேசும், நான் வியர்ப்பேன். இன்று என் மேளத்துக்குத் தோலில்லை. வெறும் மரவளையம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதனால்தான் வாயைத் திறந்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாப்பிள்ளை சிமந்தோவை அறியாதவர் உண்டா? தோலைத் தொட்டால் வழவழப்பு, மையைத் தொட்டால் பளபளப்பு! இறைவனின் அருள் வட்டம் வட்டமாக இறங்கி வரும் அந்தத் திருமரத்தை ஆளுயரத்துக்கும் மேலான தோல்சுருளில் வரைகிற கை அவன் கை. பெண் கேட்டுப் போனபோது ஹாகாம் என்ன சொன்னார்? "பாதி மரத்தை விட்டுட்டுக் கல்யாணப் பந்தலுக்கு வராதே தம்பி. மரத்தை முடி, பொண்ணைக் கூட்டிட்டுப் போ." ஒரே நிபந்தனை!

ஆனால் அன்றுதானே நம் கல்யாணப்பெண் நாஸே சம்மதம் சொன்னாள்? பயல் துள்ளிக் குதித்து வீட்டுக்குப் போனான். கவராயத்தை எடுத்தான். மனம் விரிந்த அளவுக்கு அதையும் விரித்துவிட்டான்! உச்சி வட்டம் ரொட்டிக்கல் அளவு. அடுத்ததும் அதே அளவு. அதற்கடுத்ததும்! சிரிக்கிறீர்களா? போன வியாழக்கிழமை அவன் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். சுருள் முடிந்துவிட்டது, மரம் முடியவில்லை. அடியிலே வரவேண்டிய கடைசி வட்டத்துக்கு இடமே இல்லை!

எந்த வட்டம்? இறைவனின் அரசு என்று நாம் சொல்லும் வட்டம். மணமகள் என்றும் சொல்லும் வட்டம்! தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், மேலிருந்து வருவதையெல்லாம் வாங்கி உலகத்துக்குக் கொடுப்பவள் அவள். அவள் இல்லையென்றால் அத்தனை அருளும் எங்கே போய் இறங்கும்? சுரண்டி எழுதலாமா? திருப்பெயர் எழுதிய இடத்தில் கத்தி படலாமா? கூடாது. புதுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்துச் சட்டத்தில் இழுத்துக் காயவைப்பதற்குள் பஸ்கா பண்டிகை வந்துவிடும். அது வந்தால் வாரக்கணக்கில் கல்யாணமே கிடையாது.

நான் போனபோது அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"மீரோ அண்ணே, பந்தலைப் பிரிக்கச் சொல்லிடுங்க. மாமா ஒத்துக்க மாட்டாரு."

"அடப் போடா! பொண்ணு சரின்னதும் கவராயத்தோட சேர்ந்து ஆடியிருக்கே. இப்ப அழுதா ஆச்சா?"

வாய் அவனைத் திட்டியது. கண் என் தோளில் தொங்கிய மேளத்தைப் பார்த்தது. வெள்ளாட்டுத் தோல், தழும்பில்லாத தோல். அந்த முழக்கம் இனி வாய்க்குமா? எனக்கு அழுகை வந்தது, மறைப்பானேன்! ஆனாலும் கத்தியை எடுத்தேன். கட்டுகளை அறுத்தேன். தோலைச் சுருட்டிக்கொண்டு ஹாகாம் வீட்டுக்கு அவனை இழுத்துப் போனேன்.

நம் தலைவர் கொதித்துவிட்டார். கோபிக்காதீர்கள் ஐயா, கொதித்தீர்கள்! "கல்யாணத்துக்குக் கல்யாணம் அடி வாங்கின தோலு! அதுலயா திருப்பெயரை எழுதறது?"

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த நாஸே மாவுக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, இந்த ஊர்ல எல்லாத் தோலும் செருப்பாச்சு, சேணமாச்சு. இது ஒண்ணுதான் கல்யாணத்தைத் தவிர வேற எதையும் கண்டதில்ல. மணமகள் உக்கார இதைவிட நல்ல இடம் எங்கப்பா இருக்கு?"

ஹாகாம் தாடியைத் தடவினார். தோலை வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு! "நல்லா தேய்ச்சு எடுத்துக்கடா மாப்பிள்ளை, எழுது" என்றார்.

அதோ பாருங்கள் தாய்மார்களே! மாடத்திலிருந்து தொங்குகிற சுருளின் அடியில் பாருங்கள்! மற்றத் தோலெல்லாம் சதுரம், அது மட்டும் வட்டம். விளிம்பைச் சுற்றி என் மேளத்தின் கட்டுத்துளைகள். நடுவிலே சிமந்தோ வரைந்த அரசு, ஆடிக் களைத்தவர் கைக்கு எட்டும் உயரத்தில் அமர்ந்திருக்கிறாள். எத்தனை கல்யாணத்துக்கு முழங்கிய தோல் அது! உங்கள் கல்யாணத்துக்கு முழங்கவில்லையா? உங்களுக்கு? அம்மா, உங்களுக்கு? அப்படியானால் இந்த மரத்தின் அடியில் இருப்பது நம் எல்லோருடைய சந்தோஷமும் அல்லவா?

அடித்தவன் நான், ஆடியவர் நீங்கள். இன்று மேளமில்லாமல் மணமகளை அனுப்புவோமா? அமேதி அப்படி ஊமையாகிவிட்டதா? இல்லை என்கிறீர்கள்; கையால் சொல்லுங்கள்! செப்புத் தட்டுகளை எடுங்கள் தாய்மார்களே! கூரைப் பிள்ளைகளே, தகரத்தைத் தட்டுங்கள்!

பேசத் தெரியாதவனைப் பேசவிட்ட அவைக்கு நன்றி. தோலை ஏற்றுக்கொண்ட தலைவருக்கு நன்றி. கவராயத்தை அகல விரித்த மாப்பிள்ளைக்கு என் முதல் நன்றி! சிமந்தோவும் நாஸேயும் நீடு வாழ்க! சமாதானம், சமாதானம்!

என்ன பார்க்கிறீர்கள்? அடியுங்கள்!