சிவப்புக் கவர் வாங்காத பொணம்

என்னைக் கொன்னுபுட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாருண்ணே! போன வருஷம், இதே மைதானத்துல. கொன்னவருக்குன்னு ஒரு பொறுப்பு வேணாமா? கோழி அறுக்கிறவன்கூட அது சட்டியில விழுற வரைக்கும் பக்கத்துல நிப்பான்... அய்யய்ய, அசையாதீங்க! பொணம் காலை மடக்காது. அந்தா, குடைக்குக் கீழ தொப்பி போட்டு உக்காந்திருக்காரே டைரக்டரு, அவரைத்தான் சொல்றேன். நீங்க அசைஞ்சதைப் பாத்தாருன்னா முதல்லேர்ந்து சாகச் சொல்லுவாரு. உதட்டை அசைக்காம பேசறது எனக்குப் பழக்கம். நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் கெடங்க.

புது ஆளுல்ல நீங்க? சாக்ஸ் கம்பெனியை மூடிட்டான், இந்த ஷூட்டிங் ஊர்ல துணை நடிகர் வேலை கெடைக்கும்னாங்க, வந்தேன்னு காலையில சொன்னீங்க. நான் பத்தொம்பது வருஷமா சாகுறேன்ணே. நம்ம சீனாவோட அஞ்சு ராஜவம்சத்துக்குச் செத்திருக்கேன். மங்கோலியனா செத்திருக்கேன். காலையில இந்தப் பக்கத்து சிப்பாய், மத்தியானம் அந்தப் பக்கத்து சிப்பாய்... என்னை நானே கொன்ன நாளெல்லாம் இருக்கு!

எறும்பு கடிக்குதா? கடிக்கும். ரத்தம்னு பூசியிருக்கானே, அது வெறும் சர்க்கரைப் பாகு. பொறுத்துக்கங்க.

என்ன சொல்லிட்டு இருந்தேன்... ஆங், பொறுப்பு. நம்ம தொழில்ல ஒரு முறை இருக்கு. படத்துல செத்தவன் எந்திரிச்சதும் அவன் கையில காசு வெச்ச ஒரு சிவப்புக் கவர் குடுக்கணும். உள்ள என்ன பெருசா இருந்துடும், ஒரு கிளாஸ் சோயாப் பால் குடிக்கலாம். ஆனா அது கைக்கு வந்தாத்தான் பீடை கழியும், செத்தது நடிப்புன்னு ஆகும். வரலைன்னா? வரலைன்னா செத்தது செத்ததுதான். எனக்கு வரலை!

ஒரு கவருக்கா இந்தக் கூத்துன்னு பாக்காதீங்க. கண்ணை மூடுங்க முதல்ல. ஞாயித்துக்கிழமை என் பொண்ணு யுன்ஷியாவுக்குக் கல்யாணம். ஒரே பொண்ணு. பொண்ணும் மாப்பிள்ளையும் பெத்தவங்களை உக்கார வெச்சு ரெண்டு கையாலயும் டீ குடுப்பாங்கள்ல, அதுதானே கல்யாணம்? மிச்சமெல்லாம் சாப்பாடுதானே? அந்த நாற்காலியில நான் உக்காரக் கூடாதுன்னுட்டாங்க சம்பந்தியம்மா. "செத்தவருக்கு டீ ஊத்துனா அது மரியாதை இல்லைங்க, படையல்"ங்கறாங்க. என் பொண்ணு கல்யாணத்துல எனக்கே படையல்! கேட்டீங்களா கதையை!

அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கறீங்க? எல்லாம் வெள்ளைக்காரன் பண்ண வேலை!

போன வருஷப் படம் மூணு மணி நேரம். நம்ம நாட்டுல ஒரு வாரம் தாங்கலை. நம்மாளு படமா பாக்குறான்? தாங் வம்சத்துக் கொண்டைக்கு மிங் வம்சத்துச் செருப்பு போட்டிருக்கான்னு கண்டுபிடிக்கிறான். ராஜா ஏன் மூங்கில் உச்சியில நின்னு பேசுறாரு, கீழ உக்காந்து பேசினா குறைஞ்சா போயிடுவாருங்கறான். நியாயம்தானே! அவரை மேல தூக்கிப் பிடிக்கக் கீழ கயிறு இழுக்குற எட்டுப் பேர்ல ரெண்டு பேருக்குக் குடலிறக்கம். ஆனா வெள்ளைக்காரனுக்கு அந்த மூங்கில்தாண்ணே வேணும். மூங்கில் ஆடணும், பட்டுத்துணி பறக்கணும், பூ உதிரணும், எவனும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசக் கூடாது. பேசாம வெறிச்சுப் பாத்தா "ஆகா, என்ன ஆழம்!"ங்கறான். என் வீட்டுக்காரியும்தான் மாசத்துல பத்து நாள் என்னைப் பேசாம வெறிச்சுப் பாக்குறா. ஒரு ஆழத்தையும் காணோம்.

அதனால வெளிநாட்டுக்குன்னு தனியா வெட்டுனாங்க. ராஜமாதா சதி பண்றது, வெட்டு. மந்திரி அழறது, வெட்டு. அந்தச் சண்டை எதுக்கு நடக்குதுன்னு ஒரு சீன்ல சொல்லுவாங்க, அதையே வெட்டிட்டாங்கண்ணே! ஒன்றரை மணி நேரமும் பறக்கிறதும் சாகிறதும் மட்டும்தான். அங்க கூட்டம் அள்ளுதாம். எந்திரிச்சு நின்னு கைதட்டுறாங்களாம். இவ்வளவு வெட்டுனதுல எதுல கை வைக்கலை தெரியுமா? என் சாவுல! பதினோரு செகண்டு, முழுசா. நெஞ்சுல மூணு அம்பு, கன்னத்துல ஒரு பூவிதழ், கண்ணு மேகத்தைப் பாக்குது... நானே சொல்லக் கூடாது, அழகா இருந்தேன். அதையே அங்க போஸ்டராவும் ஒட்டிட்டான்.

சம்பந்தியம்மாவோட தம்பி இத்தாலியில தோல்பை தைக்கிற பட்டறை வெச்சிருக்கான். நம்ம பக்கத்துல யாருக்குத்தான் இத்தாலியில ஒரு தம்பி இல்லை? பஸ்ஸுக்கு நின்னவன் நிமிந்து பாத்திருக்கான். ஆளுயரத்துக்கு என் மூஞ்சி, செத்துப்போயி! போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டுட்டான், "இது நம்ம சம்பந்திதானே? எப்பத் தவறுனாரு?"ன்னு. கீழ வரிசையா பதினேழு பேரு மெழுகுவத்திப் படம் போட்டாங்க. அந்த குரூப்புல நானும்தாண்ணே இருக்கேன்!

சம்பந்தியம்மா உடனே போன். ஒரே கேள்வி. "கவர் வாங்குனீங்களா?" வாங்குனேன்னேன். "குடுத்ததுக்குப் போட்டோ இருக்கா?"ன்னாங்க. எங்க இருக்கு? என் வீட்டுக்காரி ஒரு கவரைக் குடுத்துப் போட்டோ எடுத்து அனுப்புனா. "நீங்களா அவரைக் கொன்னீங்க?"ன்னுட்டாங்க. கொன்ன கைதான் குடுக்கணுமாம்.

இன்னிக்குக் குடுப்பாங்களேங்கறீங்களா? இன்னிக்குச் சாவுக்கு இன்னிக்குக் கவர். போன வருஷப் பொணம் அப்படியே கெடக்குல்ல, அதுக்கு யாரு குடுப்பா? டைரக்டரைப் பாக்க மூணு நாளா வாசல்ல நின்னேன், காவக்காரன் உள்ள விடலை. உயிரோட இருக்கிறவன் இவரை நெருங்க முடியாதுண்ணே. அதான் முதல் வரிசைப் பொணமா வந்து படுத்திருக்கேன்.

என்ன அப்படி முழிக்கிறீங்க? எல்லாருக்கும் குடுத்தவங்க உனக்கு மட்டும் ஏன் குடுக்கலைன்னுதானே?

...குடுத்தாரு.

சரிய்யா, குடுத்தாரு! அவரு கையாலயே குடுத்தாரு! முதல் தடவை நான் செத்தது குப்புற, நாலே செகண்டு. எந்திரிச்சேன், கவரை நீட்டுனாரு. நான் வாங்கிட்டு வந்திருக்கணும். வாய் சும்மா இருந்துச்சா? "ஐயா, கவரை நீங்களே வெச்சுக்கங்க, இன்னொரு வாட்டி சாகுறேன், மல்லாக்க, மூஞ்சிகிட்ட கேமராவைக் கொண்டாங்க"ன்னேன். நான் சந்தையில முட்டைக்கோஸ் வித்துப் பேரம் படிச்சவன். பேரம்னா என்ன? நான் ஒண்ணு கேக்கணும், நீ மூஞ்சியச் சுளிக்கணும், நான் நாலடி நடக்கணும், நீ கூப்பிடணும். கடைசியில கவரும் எனக்கு, மூஞ்சியும் எனக்கு. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? "சரி"ன்னாரு! ஒரே வார்த்தை! சொல்லிட்டுக் கவரைத் தன் பையில போட்டுக்கிட்டாரு! குடுத்தா வாங்கிக்கிறதா? ஒரு தடவை வேணாம்னு மறுக்கத் தெரியாதவரு எல்லாம் ராஜாக்கள் படம் எடுக்க வந்துட்டாரு!

பத்தொம்பது வருஷத்துல என் முதுகுதாண்ணே படத்துல வந்திருக்கு. யுன்ஷியா சின்னதுல தியேட்டர்ல "எதுப்பா நீ?"ன்னு கேக்கும். "மூணாவது குதிரைக்குக் கீழ பாரு"ம்பேன். எல்லாக் குதிரைக்கும் கீழ தேடும். ஒரு தடவையாவது அது தேடாம பாக்கட்டும்னுதான்... விடுங்க.

கட் சொல்லிட்டாரு. எந்திரிங்க, போங்க. கவர் குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்கங்க, வாயைத் திறக்காதீங்க. அப்படியே எனக்கும் ஒரு சாப்பாட்டு டப்பா... அண்ணே? யோவ் அண்ணே! ஓடிட்டாரு. போகட்டும்.

நான் எந்திரிக்கிறதா இல்லை. ஏம்மா அசிஸ்டெண்டு, காலைப் பிடிச்சு இழுக்காத! உன் கவர் எனக்கு வேணாம், நீ கொல்லலை. என்னது, அடுத்த சீனுக்கு இந்தப் பக்கமா குதிரைப் படை வரணுமா? வரட்டும், என் மேலயே வரட்டும்!

டைரக்டர் ஐயா! உங்களைத்தான், குடைக்கு வெளிய வாங்க! கைதட்டுன இத்தாலிக்காரன் ஞாயித்துக்கிழமை வந்து என் பொண்ணு கையால டீ குடிக்கப் போறதில்லை. நான்தான் குடிக்கணும். நான் திருப்பிக் குடுத்தது தப்புதான், நீங்க வாங்கிக்கிட்டதும் தப்புதான். ஒரு கவரை எடுத்துக்கிட்டு, போட்டோ எடுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டு இங்க வாங்க. கொன்னது நீங்க. நீங்களே வந்து எழுப்புங்கய்யா!