ஏழாம் நம்பர் ரூமுல தும்மல்

— ஏசுவே! ஆராயி, டார்ச்சைக் கொஞ்சம் மேல புடி. ஏழாம் நம்பருக்குச் சூட்டுக்காத்து போற இந்தத் தகர டக்டுக்குள்ள என்னமோ கெடக்குது.

— எலி செத்துக் கெடக்குமுங்க பெரியநாயகண்ணா. மூடிருங்க.

— செத்த எலி கோணிச் சாக்குக்குள்ளயா படுத்துக் கெடக்கும்?

— ஏற்காட்டுல எலிக்கும் குளிருமுங்களே.

— சிரிப்புக் காட்டாத. மெக்கானிக் நான் வேலையத்துப் போயா சேலத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கறேன்? லாட்ஜு விருந்தாளிங்க கதகதப்பாத் தூங்கட்டும்னு பாய்லர் போட்டு, ரூமு ரூமுக்குச் சூட்டுக்காத்து உட்டா, ஏழாம் நம்பர்ல விடிய விடியத் தும்மறாங்களாம்.

— பனி ஒத்துக்கலீங்களோ என்னமோ.

— பனியா? இரு, சாக்கை மோந்து பாத்துட்டுச் சொல்றேன்... அச்! ஏசுவே... அச்! இது மிளகு!

— குடுங்கண்ணா, சாக்கை இங்க குடுங்க.

— ஏன் ஆராயி, இது உன்னுதா?

— என்னுதுதானுங்கண்ணா. எங்கூரு கொட்டச்சேட்டுல வெயிலைக் கண்ணுல பாத்து வாரக்கணக்காச்சு. பறிச்ச மிளகு பூஞ்சணம் பூத்துருச்சுன்னா, இந்த வருசம் எங்கூட்டுக்கு ஒண்ணுமே இல்லீங்க. இங்க காத்து நொம்ப நல்லாச் சுடுதேன்னு, பாய்லர் ரூமைப் பெருக்க வந்தப்ப உள்ள வெச்சுட்டேன்.

— நல்லா வெச்ச போ! செஞ்ச ஆளு யாரா இருந்தாலும் இன்னிக்கே வேலைய உட்டு அனுப்பிடுவேன்னு மேனேஜர் குதிக்கறாரு, தெரியுமா?

— மெதுவாப் பேசுங்கண்ணா. காத்து ஊதற புளோயரைத்தான் நிறுத்திட்டீங்களே, இங்க பேசறது டக்டு வழியா ஏழாம் நம்பர் வரைக்கும் கேக்கும். அவரு அங்கதான் விருந்தாளிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நிக்கறாரு.

— அதை இப்பத்தான் சொல்றியா!

— பயமா இருக்குதுங்கண்ணா. எலின்னே சொல்லிருங்களேன்.

— ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவனைப் பொய் சொல்லச் சொல்றியே. சரி, மொதல்ல இதை வாங்கி ஒளிச்சு வையி. இன்னொரு சாக்கையும் இழுத்துத் தர்றேன்.

— இன்னொண்ணா? நான் ஒண்ணுதானுங்க வெச்சேன்.

— சும்மா சொல்லாத. உன்னுதைவிடப் பெருசா, அடைச்சுக்கிட்டுக் கெடக்குது. அட... இது காப்பிக்கொட்டை!

— எங்க காட்டுல காப்பிச் செடியே கெடையாதுங்க. சத்தியமா!

— அப்ப யாருது? உன்னைய மட்டும் அனுப்ப உடமாட்டேன். இப்பவே அந்த மேனேஜரைக் கூப்புட்டு, இது எவனுதுன்னு கேக்கறேன்.

— பெரியநாயகம், மேனேஜர்தான் பேசறேன், ஏழாம் நம்பர்ல இருந்து. விருந்தாளி குளிக்கப் போயிருக்கார். ஆராயி எங்கேயும் போக வேண்டாம்... அந்த ரெண்டாவது சாக்கை மட்டும் ஒரு தடவை கிளறி விட்டுடுங்க, அடியில இன்னும் ஈரமா இருக்கும்.