நெய் தடவிய கொடி

உலர்ந்த தொப்புள்கொடியில் நெய் தடவித் தண்ணீரில் போட்டால் அது மூழ்காது. இது என்னைப் பல நாள் படுத்தியது. கொடி காயும்போது உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகள் நின்றுவிடுகின்றன. மேலே நெய் படிந்தால் தண்ணீர் நுழைய வழியில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் உதிர்ந்த கொடியை வைத்து முயன்று பார்த்தேன். கலக்கினேன், மிதந்தது. உப்புப் போட்டேன், இன்னும் நன்றாக மிதந்தது. வெந்நீரில் நெய் உருகி இறங்கியது. ஆனால் ஆவி பறக்கும் பாத்திரத்தை யார் நம்புவார்கள்?

நீங்கள் வடக்கேயிருந்து வந்தவர், அதனால் சொல்கிறேன் அம்மா. எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில், தண்ணீரும் பாலும் வாழைக்கள்ளும் கலந்த பாத்திரத்தில் அதன் கொடியைப் போடுவோம். மிதந்தால் பிள்ளை குலத்தைச் சேர்ந்தது, பெயர் கிடைக்கும். மூழ்கினால் தாயும் பிள்ளையும் வெளியே போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் கொடியைப் போடுகிறவள் பிள்ளையின் அத்தை. நெய் தடவும் யோசனையும் ஏதோ ஓர் அத்தைக்கு வந்ததாகத்தான் இருக்கும், யாரையும் வெளியே அனுப்ப மனம் வராத ஓர் அத்தைக்கு. யோசித்துப் பார்த்தால் மிக அழகான ஏற்பாடு.

என் தம்பி முபிரு ஜூபாவுக்கு லாரி ஓட்டுகிறான். போன வருஷம் அவன் ஊர் திரும்பி ஏழு வாரம் ஆகியிருந்தபோது, அவன் மனைவி நலுமான்சி என் தையல் கடைக்கு வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்ததாகவும் எட்டு வாரம் என்று சொன்னதாகவும் சொன்னாள். எட்டு வாரத்துக்கு முன் முபிரு ஊரில் இல்லை. காப்பிக்கொட்டை வாங்க வந்த ஒருவன் இருந்தான். ஒரே ஒரு நாள் என்றாள்.

"இது யாருதுன்னு எனக்கே தெரியல அண்ணி. எட்டு வாரம்னா அந்தக் காப்பிக்காரனுதாத்தானே இருக்கும்?"

நான் மிஷினை நிறுத்தவில்லை. "அழுது வயித்தக் கலக்கிக்காத. கொடியப் போடறது யாரு, நான்தானே?" என்றேன். அவள் மண்டியிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு ஒரு தார் வாழைக்காய் வந்தது. நல்ல காய்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். கருவின் வயதை அது உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த நாள் பெரும்பாலும் யாருக்கும் சரியாகத் தெரியாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாள் தெரியும், அங்கிருந்து எண்ணுகிறார்கள். ஸ்கேனில் நீளத்தை அளந்தாலும், சொல்வது அந்தக் கணக்கில்தான். ஆகவே முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றுமே இருப்பதில்லை. எட்டு வாரம் என்றால் உண்மையில் ஆறு. ஆறு வாரத்துக்கு முன் முபிரு வீட்டில்தான் இருந்தான். காப்பிக்காரன் ஊரை விட்டே போயிருந்தான். ஒரு காலருக்குத் தையல் போட்டு முடிப்பதற்குள் எனக்கு இது விளங்கிவிட்டது. அவளுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வெகுகாலத்துக்கு முன் ஒரு நர்ஸ் மேசைமேல் பீன்ஸ் விதைகளை வரிசையாக வைத்து எனக்குக் காட்டினாள். மிகத் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பாள். ஆனால் அதற்குள் என்னை மாமியார் வீட்டிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். அங்கேயும் இதே தப்புக் கணக்குதான். ஒரே வித்தியாசம், என் கதையில் காப்பிக்காரன் யாரும் இல்லை. என் நாத்தனார் கொடியில் நெய் தடவவில்லை. முந்தின நாளே அதை ஊறப் போட்டிருந்தாள். அது மூழ்கியதும் என்னைப் பார்த்து, "தண்ணி பொய் சொல்லுமா?" என்று சிரித்தாள். என் மகளுக்குப் பல் முளைத்திருந்தது, காய்ச்சலில் போனபோது. பெயர் இல்லாமல்தான் புதைத்தேன்.

நான் கோபக்காரி இல்லை. கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். எதுவும் செய்யாதவளுக்கு ஒரு சொட்டு நெய் கிடைக்கவில்லை. செய்தவள் என் கடைக்கே வந்து, என் முன்னாலேயே மண்டியிட்டு, என்னிடமே நெய் கேட்கிறாள். கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள், சதை போடுகிறாள், சிரிக்கிறாள். இது எப்படி நியாயம் என்று எனக்கு விளக்கக்கூடிய ஒரு நர்ஸை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெயர் வைக்கும் நாளில் எல்லோரும் பார்க்க, கொடி முழுவதும் நெய் தடவினேன். தாராளமாகவே தடவினேன். போட்டேன். மூழ்கியது. கள் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முபிரு ஒரே வார்த்தைதான் சொன்னான்: "கெளம்பு." நலுமான்சி அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க சொன்னீங்களே," என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

அவள் அப்பாவும் கதவைத் திறக்கவில்லையாம். மழைக்காலம். யாரோ ஒருவருடைய கடை வாசலில் தங்கியிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது, பிழைக்கவில்லை. செய்தி வந்ததும் முபிரு சாப்பிடுவதை விட்டுவிட்டான். பிள்ளையை எங்கள் தோப்பில், குலத்துக் கல்லறைகளோடு புதைக்கலாமா கூடாதா என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பாத்திரத்திலிருந்து எடுத்த கொடியை அவன் எறியாமல் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கம்பாலாவில் ஓர் ஆய்வகத்துக்கு அதைக் கொண்டுபோனான். பிள்ளை அவனுடையதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அதை என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

முடிவோடு இந்தப் பிளாஸ்டிக் பையையும் கொடுத்தார்களாம். கொடியை அறுத்தபோது கத்தி எதிலோ தட்டியதாம். பைக்குள் இருப்பது என்ன என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. சொல்கிறேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

தையல் மிஷின் ஊசி முறிந்தால் இரண்டு துண்டாகும். கூரான பாதி போதாது. ஆட்டுக்குட்டியின் கொடி அதையும் தாங்கி மிதந்தது. தடித்த பாதிதான் சரி. அதைக் கொடிக்குள் நீளவாக்கில் செருகி, துளையை நெய்யால் மூடிவிட வேண்டும். கொடி ஒரு கணம் தயங்கும், பிறகு இறங்கிவிடும். நான் செய்தது அவ்வளவுதான். அவர்களை வெளியே போகச் சொன்னது தண்ணீர்.